ஆலைக் கதவுக்கு வெளியே நிற்கும் தொழிலாளி



தேர்தல் முடிவு வந்த மறுநாள் நம் வட சென்னைச் சங்க அலுவலகங்களில் ஒரு பேச்சு தவறாமல் கேட்கும். “கம்பெனித் தேர்தலில் செங்கொடிக்குப் போடுகிறான், சட்டமன்றத் தேர்தலில் காசு கொடுத்தவனுக்குப் போடுகிறான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறான்” என்பார்கள். படித்தவர்கள் இதையே கொஞ்சம் மெருகேற்றி, தொழிலாளி தன் வர்க்க நலனுக்கு எதிராக வாக்களிக்கிறான் என்று எழுதுவார்கள். இந்தக் குற்றச்சாட்டு சரிதானா என்று பார்க்க நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பவர் ஆலைத் தொழிலாளி அல்ல. வேலைநிறுத்த நாளில் ஆலைக் கதவுக்கு வெளியே லத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அந்த இரண்டாம் நிலைக் காவலர்.

சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. அடித்தவனைப் பற்றி நம்மிடம் எதற்குப் பேச்சு என்று கேட்பீர்கள். லத்தித் தழும்போடு இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கக்கூடும். இருந்தாலும் கேளுங்கள்.

2025 ஆகஸ்ட் மாதத்தை எடுத்துக்கொள்வோம். ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரு மண்டலங்களின் துப்புரவுப் பணியைச் சென்னை மாநகராட்சி தனியாரிடம் ஒப்படைத்தது. பல ஆண்டுகளாக அங்கே குப்பை அள்ளிக்கொண்டிருந்த ஏறத்தாழ 2,000 பேர், ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகைக்கு எதிரே நடைபாதையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். மாநகராட்சியின் கீழேயே வேலை வேண்டும், பணி நிரந்தரம் வேண்டும் என்று கேட்டார்கள். 2021 தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதியைத்தான் அவர்கள் நினைவூட்டினார்கள். 13 நாள் ஆனது. நடைபாதையிலிருந்து அப்புறப்படுத்தச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி, ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீசார் அவர்களைத் தூக்கிப் பேருந்துகளில் ஏற்றினார்கள். மறுநாள் அமைச்சரவை கூடியது. தூய்மைப் பணியாளர்களுக்குக் காலை உணவு, காப்பீடு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி என்று நலத்திட்டங்கள் அறிவிக்கப்பட்டன.

கேட்டது நிரந்தரம், கிடைத்தது சிற்றுண்டி. விடிவதற்கு முன் வெறும் வயிற்றோடு தள்ளுவண்டியைப் பிடிக்கும் பெண்ணுக்கு அந்த உணவின் அருமை தெரியும், அதை ஏளனம் செய்ய எனக்கு வாய் வராது. ஆனால் உணவை இன்று கொடுக்கலாம், நாளை நிறுத்தலாம். நிறுத்தினால் எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. நிரந்தரம் அப்படி அல்ல. அது கையில் இருந்தால் வேலை, விடுப்பு, ஓய்வூதியம் எல்லாவற்றையும் சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம்.

அன்றிரவு அந்தப் பெண்களைத் தூக்கிய பெண் காவலர்களை நினைத்துப் பாருங்கள். எத்தனை மணிக்கு டியூட்டிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்கு வீடு திரும்பினார்கள் என்று எவரும் கேட்கவில்லை. கேட்கும்படியான அமைப்பும் அவர்களுக்குக் கிடையாது.

காவலரின் நிலையைச் சட்டப்படி சொல்கிறேன். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம், தொழிலாளி என்ற வரையறையிலிருந்து காவல் பணியில் இருப்பவரை விலக்கிவிட்டது. காவல் படையினரின் அடிப்படை உரிமைகளைச் சுருக்க அரசியல் சட்டத்தின் 33-ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. அந்த அதிகாரத்தைக் கொண்டு 1966-ல் காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அனுமதியில்லாமல் தொழிற்சங்கத்தில் சேர்ந்தால் சிறைத் தண்டனை வரை உண்டு. டெல்லிக் காவலர்கள் அப்போது ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அங்கீகாரம் கொடுத்த சில மாதங்களிலேயே அரசு அதைப் பறித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1986-ல் அரசு செய்தது சரி என்று தீர்ப்பானது.

காவலரின் வேலை நேரத்தைப் பாருங்கள். தரம் வீரா தலைமையிலான தேசியக் காவல் ஆணையம் 1979 பிப்ரவரியில் கொடுத்த முதல் அறிக்கையே கடைநிலைக் காவலரைப் பற்றியதுதான். நாளொன்றுக்கு 10 முதல் 16 மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும் வேலை என்று அது சொன்னது. வாரம் ஒரு நாள் விடுப்பு என்று தமிழ்நாட்டில் அரசாணை வந்தது 2021-ல். சிகாகோவில் எட்டு மணி நேரத்துக்காக ரத்தம் சிந்தி 135 ஆண்டு கழித்து! அந்த ஒரு நாளும் பந்தோபஸ்து வந்தால் பறந்துவிடும் என்று எந்தக் காவலர் குடியிருப்பில் கேட்டாலும் சொல்வார்கள். கொண்டித்தோப்புக் குடியிருப்பு அதிக தூரம் இல்லை, போய்க் கேட்டுப் பாருங்கள்.

இதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வையுங்கள். 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் நின்று, மசோதாவைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சங்கம் இருந்தவன் 12 மணி நேரத்தைப் பத்து நாளில் விரட்டினான். அந்தப் பத்து நாளும் நம் ஆர்ப்பாட்டங்களுக்குப் பாதுகாப்பு நின்றவருக்கு 12 மணி நேரம் அன்றாடம். அதற்கு மசோதா கூடத் தேவைப்படவில்லை.

காவலரைத் தொழிலாளியிடமிருந்து பிரித்து வைப்பது தானாக நடந்த காரியமல்ல. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918-ல், லண்டன் போலீசார் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு அரண்டுபோனது. 1919-ல் இரண்டு காரியம் சேர்த்துச் செய்தார்கள். ஒரு பக்கம் டெஸ்பரோ குழுவின் பேச்சைக் கேட்டு ஊதியத்தைத் தாராளமாக உயர்த்தினார்கள். மறு பக்கம் சட்டம் போட்டுச் சங்கத்தைத் தடைசெய்து, வேலைநிறுத்த உரிமையில்லாத ஒரு கூட்டமைப்பை அரசே அமைத்துக் கொடுத்தது. அந்த ஆண்டு லிவர்பூலில் வேலைநிறுத்தம் செய்த காவலர்கள் அத்தனை பேரும் வேலை இழந்தார்கள். ஒருவரைக்கூடத் திரும்பச் சேர்க்கவில்லை. காவலரிடையே அதிருப்தியைத் தூண்டுவது குற்றம் என்ற சட்டம் 1922-ல் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. ஊதிய உயர்வு மட்டும் கப்பல் ஏறவில்லை.

அந்த ஆண்டுகளில் நம் பக்கம் என்ன நடந்தது? 1918 ஏப்ரலில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு எல்லாம் உங்களுக்குத் தெரிந்த பெயர்கள். வாடியாவுக்கு எதிராக ஆலை முதலாளியான பின்னி கம்பெனி உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. சங்கம் வைத்ததற்கே வழக்கா என்று எழுந்த குரல்தான் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வரை போனது. 1921-ல் பின்னியின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தம். அப்போது மாகாணத்தில் நீதிக் கட்சியின் ஆட்சி, மக்கள் வாக்களித்து வந்த முதல் ஆட்சி. ஆனால் இரட்டையாட்சி முறையில் போலீஸ் இலாகா அமைச்சர்களிடம் இல்லை, ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தது. ஆகஸ்ட் 29 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர்கள் செத்தார்கள். வாக்குப் போட்டுக் கொண்டுவந்த ஆட்சியின் கைக்குத் துப்பாக்கி எட்டவில்லை.

அந்த வேலைநிறுத்தத்தில் எனக்கு உறுத்துவது வேறொன்று. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைநிறுத்தத்தில் சேராமல் ஆலைக்குப் போனார்கள். கருங்காலி என்ற பெயர் அவர்கள்மேல் விழுந்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. தொழிலாளி தன் நலனுக்கு எதிராக நடந்தான் என்று அன்றைக்கே எழுதினார்கள். அவர்களுடைய நலனை யார் கணக்குப் போட்டது? மாதக்கணக்கில் பட்டினி கிடக்கச் சேமிப்போ, கடன் கொடுக்க உறவோ, திரும்பிப் போகச் சொந்தமாக நிலமோ இல்லாதவர்கள் அவர்கள். சேரிக்குள் போய் உட்கார்ந்து அவர்கள் பாட்டைக் கேட்க அன்றைய சங்கத் தலைமைக்கு நேரமில்லை, பலருக்கு மனமும் இல்லை. சங்கம் கேட்காத இடத்தில் அரசாங்கம் போய்க் கேட்டது, அவர்கள் அரசாங்கத்தின் பக்கம் நின்றார்கள். அதைத் துரோகம் என்று நான் சொல்ல மாட்டேன். தோல்வி என்று சொல்வேன், நம் பக்கத்துத் தோல்வி.

சுதந்திரம் வாசலில் நின்ற 1947-லும் அதே ஆலையில் ஏறத்தாழ 100 நாள் வேலைநிறுத்தம். காங்கிரஸ் அமைச்சரவைதான் இருந்தது, போலீசும் அதனிடம்தான் இருந்தது. சங்கத் தலைவர் அந்தோணிப்பிள்ளையைக் கைது செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இங்கே வந்து ஆலைக்கும் துறைமுகத்துக்கும் உழைத்த மனிதர் அவர். பத்தாண்டு கழித்து, 1957-ல், அவரையே வட சென்னை மக்கள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். நம் தொழிலாளிக்கு வாக்களிக்கத் தெரியாது என்பவர்கள் அந்த ஆண்டையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளட்டும்.

காவலரும் தொழிலாளியும் ஒரு கணம் கைகோத்ததும் உண்டு. அதற்கு முன், 1979 மே மாதம் பஞ்சாபில் காவலர் கிளர்ச்சி தொடங்கி மாநிலம் மாநிலமாகப் பரவியது. ஜூன் 25 அன்று பொக்காரோவில் தொழிற் பாதுகாப்புப் படையினரை ராணுவத்தை விட்டு அடக்கினார்கள். அந்த ஆண்டில்தான் அதிகாரிகள் வீட்டில் காவலர் வேலை செய்யும் ஆர்டர்லி முறையைத் தமிழ்நாடு அரசாணையில் ஒழித்தது. அரசாணையில் மட்டும் ஒழித்தது என்பதை 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் கடிந்துகொண்டபோது ஊரே அறிந்தது. 1982 ஆகஸ்டில் பம்பாயில் காவலர் சங்கத் தலைவர்களைக் கைது செய்ததும் போலீசார் தெருவில் இறங்கினார்கள். தத்தா சாமந்த் தலைமையில் ஜனவரியிலிருந்து வேலைநிறுத்தத்தில் இருந்த நெசவாலைத் தொழிலாளர்கள் அவர்களுக்குத் துணையாக வந்தார்கள். அதுவரை தங்களை அடித்த போலீசுக்கு! ராணுவம் வந்தது, சங்கம் போனது. ஆலைகளும் பின்னால் ஒவ்வொன்றாகப் போயின.

காவலர்க்குச் சங்கம் இருந்தால் அவர் தொழிலாளி பக்கம் நிற்பார் என்று இதை வைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் போலீஸ் சங்கங்கள் மிக வலுவானவை. 2010-ல் விஸ்கான்சின் மாநில ஆளுநர் தேர்தலில் ஸ்காட் வாக்கரை மில்வாக்கி போலீஸ் சங்கம் ஆதரித்தது. அவர் வென்றார். அடுத்த ஆண்டே அரசு ஊழியர்களின் கூட்டுப் பேர உரிமையை ஒடித்துச் சட்டம் போட்டார். ஆசிரியர், செவிலியர், அலுவலகப் பணியாளர் எல்லாரும் அதில் சிக்கினார்கள். போலீசுக்கும் தீயணைப்புக்கும் மட்டும் விலக்கு. அதைவிடப் பழைய கதை ஒன்றும் உண்டு. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சங்கம் 1980-ல் ரீகனை ஆதரித்தது. 1981-ல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது 11,000-க்கும் மேற்பட்டவர்களை அந்த ரீகனே வீட்டுக்கு அனுப்பினார்.

இதில் தன் நலனுக்கு எதிராக வாக்களித்தவர் யார்? விமானக் கட்டுப்பாட்டாளர் ஏமாந்தார். மில்வாக்கிப் போலீஸ் சங்கம் ஏமாறவில்லை. தன் ஊதியத்தையும் பேர உரிமையையும் காப்பாற்றிக்கொண்டது, பக்கத்து வீட்டு ஆசிரியையின் உரிமையை விலையாகக் கொடுத்து. எனக்கு முதலாவதைவிட இரண்டாவதுதான் அச்சம் தருகிறது. (விஸ்கான்சின் தலைநகர் மாடிசனில் ஆசிரியர்களோடு சேர்ந்து சட்டமன்றக் கட்டடத்தில் போராடிய போலீசாரும் இருந்தார்கள். அவர்களையும் சொல்லாமல் விடக் கூடாது.)

நம் ஊருக்குத் திரும்புவோம். 2003 ஜூலையில் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான டெஸ்மாவைக் கையில் எடுத்த அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா ஏறத்தாழ 1.7 லட்சம் பேரை வேலையிலிருந்து நீக்கினார். நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டிக் கைது செய்தது போலீஸ். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையல்ல என்று ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதியது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பெரும்பாலோர் நாற்காலிக்குத் திரும்ப முடிந்தது. 2004 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தலில் 39 தொகுதிகளிலும் அ.தி.மு.க. அணி தோற்றது. வட சென்னையில் தி.மு.க. தொழிற்சங்கமான தொ.மு.ச.வின் செ. குப்புசாமி வென்றார். முடிவு வந்த சில நாட்களில் பல நடவடிக்கைகளை அந்த அரசு தானே திரும்பப் பெற்றது. சங்கமாகச் சேர்ந்திருந்தவர்களின் கோபம் வாக்குச் சாவடிவரை சிதறாமல் போனது.

அதே 2004 அக்டோபரில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டான். அதிரடிப் படையில் இருந்த ஒவ்வொருவருக்கும் 3 லட்சம் ரூபாய், ஒரு படி பதவி உயர்வு, வீட்டு மனை என்று அதே முதலமைச்சர் அறிவித்தார். காட்டில் உயிரைப் பணயம் வைத்தவர்களுக்குக் கொடுத்ததில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் காவலருக்கு எது வந்தாலும் இப்படித்தான் வருகிறது: காவல் துறை மானியக் கோரிக்கை நாளில் முதலமைச்சரின் வாயிலிருந்து, அறிவிப்பாக, கைதட்டலோடு. பேசித் தீர்த்த ஒப்பந்தமாக ஒரு முறையும் வந்ததில்லை. மாநிலம் முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், குடும்பத்தோடு எண்ணினால் பல லட்சம் வாக்குகள். தேர்தல் நாளில் யாரோ ஒருவரின் வாக்குச் சாவடியைக் காத்துக்கொண்டு தங்கள் வாக்கைத் தபாலில் போடும் அவர்களிடம், எந்தக் கோரிக்கைக்கு எந்தக் கட்சி கையெழுத்துப் போட்டது என்று பார்த்து வாக்களிக்க ஒரு தாள்கூட இல்லை.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். உரிமையாகக் கேட்க வழியில்லாதவர் கொடுப்பவரின் முகத்தைப் பார்த்து வாக்களிக்கிறார். அவர் கைக்கு எட்டும் நலன் அது ஒன்றுதான், அதற்குத்தான் வாக்களிக்கிறார். நேற்றுவரை இது காவலரின் நிலையாக மட்டும் இருந்தது. இன்று நம் துறைமுகத்திலும் ஆலைகளிலும் காண்ட்ராக்டில் நிற்கும் இளைஞனின் நிலையும் அதுவே. அவன் பெயர் எந்தச் சங்கப் பதிவேட்டிலும் இல்லை. கேட் மீட்டிங்கில் நின்றால் மறுநாள் பாஸ் கிடைக்காது. அவன் வாக்கைக் குறை சொல்லும் நாம், அவனைச் சங்கத்தில் சேர்த்தோமா?

நலன் என்பதும் ஒற்றைச் சரக்கு அல்ல. 2011 அக்டோபரில் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வது நின்று எண்ணூருக்குப் போனது. ராயபுரத்து வீடுகளில் கரித்தூள் நின்றது, பலருக்கு வேலையும் நின்றது. ஒரே வீட்டில் நுரையீரல் ஒரு பக்கம், கூலி ஒரு பக்கம். தூசு மட்டும் எண்ணூர் மீனவர் வாசலுக்கு இடம் மாறியது. 2023 டிசம்பரில் அவர்கள் ஆற்றில் எண்ணெய் மிதந்தது, அதே மாதம் அமோனியா கசிந்து நள்ளிரவில் ஊரே ஓடியது. எண்ணூர் ஆலைகளில் வேலை செய்பவரும் அந்தக் காற்றைச் சுவாசித்தவரும் ஒரே வாக்குச் சாவடியில் நிற்கிறார்கள். எந்த நலனுக்கு எதிராக வாக்களித்தார்கள் என்று வெளியிலிருந்து விரல் நீட்டுவது எளிது.

காவலர்க்குச் சங்கம் கூடாது என்பதற்கு வலுவான வாதம் ஒன்று உண்டு, அதன் பெயர் சாத்தான்குளம். 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டுச் செத்தார்கள். சங்கம் இருந்திருந்தால் குற்றவாளிகளுக்குக் கேடயமாக நின்றிருக்கும் என்பார்கள். அமெரிக்க அனுபவம் அந்த அச்சத்தைப் பொய் என்று சொல்லவிடாது. 2020 ஜூனில் சியாட்டில் தொழிலாளர் கூட்டமைப்பு போலீஸ் சங்கத்தைத் தன்னிடமிருந்து வெளியேற்றியதும் இதனால்தான். ஆனால் சாத்தான்குளத்தில் நடந்ததை நடந்தபடி நீதித்துறை நடுவரிடம் சொன்னவர் ஒரு பெண் தலைமைக் காவலர். உடன் வேலை செய்தவர்களின் மிரட்டலுக்கு நடுவே தனியாகச் சொன்னார். அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்க நீதிமன்றம்தான் வர வேண்டியிருந்தது. சங்கமில்லாத துறையிலும் அடித்தவர்களைக் காப்பாற்ற ஆள் இருந்தது. உண்மை சொன்னவரைக் காப்பாற்றத்தான் இல்லை.

கேரளத்தில் காவலர் சங்கம் நாற்பது ஆண்டுக்கு மேலாக இயங்குகிறது. 1966-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அனுமதி பெற்றுச் சேரலாம் என்ற வழி திறந்துதான் இருக்கிறது. அங்கேயும் கட்சிச் சாயம் பூசிக்கொள்கிறார்கள் என்று 2018-ல் பெரிய சர்ச்சை எழுந்தது. எழட்டும். நம் தொ.மு.ச., அண்ணா தொழிற்சங்கம், சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி. எதில்தான் கட்சிச் சாயம் இல்லை?

என் தீர்ப்பு இது. தமிழ்நாட்டுக் காவலர்க்கு வேலைநிறுத்த உரிமை இல்லாத, தேர்ந்தெடுக்கப்பட்ட சங்கம் வேண்டும். வேலை நேரம், விடுப்பு, குடியிருப்பு, பணியிட மாற்றம் பற்றி அரசோடு உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போடும் சங்கம். காவல் மரணத்திலும் சித்திரவதையிலும் அதற்கு எந்தப் பேச்சும் இருக்கக் கூடாது. இதைக் காவலர்கள் வாய்திறந்து கேட்க முடியாது, கேட்டால் மெமோ வரும். கேட்கக்கூடியவர்கள் நீங்கள்தான். உங்கள் சங்கத்தின் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் காண்ட்ராக்ட் தொழிலாளியின் பெயருக்குப் பக்கத்தில் காவலரின் எட்டு மணி நேரத்தையும் எழுதுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவரிடம், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அதில் கையெழுத்துக் கேளுங்கள். போடாதவருக்கு வாக்கு இல்லை என்று சொல்லியனுப்புங்கள்.